மலருக்குச் சொல்ல ஒரு கதை

அணில் கதை வேண்டாம். அதில் யாரும் சாவதில்லை, அதனால் இன்றைக்கு உதவாது. பிட்டுக்கு மண் சுமந்த சாமி கதையும் வேண்டாம், சாமி முதுகில் பிரம்படி விழும் இடத்தில் மலர் விழுந்து விழுந்து சிரிப்பாள், இன்றைக்கு அவள் சிரித்தால் என்னால் தாங்க முடியாது. பஸ் தஞ்சாவூரை விட்டுக் கிளம்பிவிட்டது. பாப்பாநாட்டில் இறங்குவதற்குள் ஆறு வயதுப் பெண் குழந்தைக்குச் சொல்ல ஒரு கதை எனக்கு அகப்பட்டாக வேண்டும், அதுவும் சாமிக் கதை. கறுப்புச் சட்டைக்காரர் மகன் அறிவழகன், வீட்டில் ஒரு சாமி படம்கூட இல்லாமல் வளர்ந்தவன், கல்யாணத்தில் தாலி கட்டியதற்கே ஒரு வருடம் அப்பாவிடம் பேச்சு வாங்கியவன், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சாமிக் கதை பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். இல்லை, அவர் எங்கே சிரித்தார், மேடையில் மற்றவர்களைச் சிரிக்க வைப்பதோடு சரி. காலையில் டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "பாக்க வேண்டியவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வந்துருங்க" என்றார். என் மனைவி தையல்நாயகிக்கு ரத்தத்தில் புற்று, ரத்தம் ஏற்ற ஏற்ற எங்கேயோ ஓட்டைப் பானையில் ஊற்றியது மாதிரி போய்க்கொண்டே இருந்தது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த வாக்கியம் என்னை உதைத்தது. பார்க்க வேண்டியவர்கள் யார்? மலர் ஒருத்திதான். அவள் பாப்பாநாட்டில் என் அக்கா வீட்டில் இருக்கிறாள். தையல்நாயகியின் பக்கத்தில் அவள் அண்ணன் குருமூர்த்தியை உட்கார வைத்துவிட்டு மகளை அழைத்துவரப் புறப்பட்டேன். அம்மாவைப் பார்க்கப் போகலாம் வா என்று கூப்பிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கடைசித் தடவை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தெரியவும் கூடாது. எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

கதை பொறுக்குவது தையலின் வேலை. சாயங்காலம் விளக்கு வைத்ததும் மலரை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒன்று சொல்வாள். வாயில் வந்ததைச் சொல்லிவிட மாட்டாள், அரிசியில் கல் பொறுக்குகிற பொறுமையோடு பகலெல்லாம் யோசித்து வைத்திருப்பாள். கண்ணைப் பிடுங்கி அப்பிய வேடன் கதை பத்து வயதுக்கு மேலே. பிள்ளையை அறுத்துக் கறி சமைத்த கதை எந்த வயதிலும் கிடையாது. "அதச் சொன்னா பக்தியா வரும்? அப்பன் கையில அருவாளப் பாத்தா புள்ள அலறத்தான் செய்யும்." நரகம், எண்ணெய்க் கொப்பரை எல்லாம் தள்ளுபடி. அதையெல்லாம் விடக் கறாராக அவள் ஒதுக்கியது பலன் சொல்லும் கதைகளை. இந்த நோன்பு இருந்தாள், புருஷன் பிழைத்தான், இத்தனை விளக்குப் போட்டாள், நோய் போயிற்று. "சின்னப் புள்ளைகிட்ட அதச் சொல்லக் கூடாதுங்க. கேட்டது கெடைக்கலன்னா தன்கிட்டதான் தப்புன்னு நெனச்சுக்கும்." நான் செல்போனில் எதையோ தள்ளிக்கொண்டே, "அப்ப உங்க சாமிகிட்ட சரக்கே இல்லைங்கிற" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "இருக்கு. ஆனா அது கடை இல்ல" என்று சிரித்தாள். அவளுக்கு மேல்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல் மேல் ஏறி நிற்கும், சிரித்தால் அதுதான் முதலில் வெளியே வரும். இப்போது ஆஸ்பத்திரியில் அந்தப் பல்லைச் சுற்றி ரத்தம் கசிந்துகொண்டே இருக்கிறது, பஞ்சை வைத்து ஒற்றுவேன், பஞ்சு சிவக்கும், வேறு பஞ்சு. அந்தச் சிரிப்பை நினைக்கப்போய் இங்கே வந்து நிற்கிறேன். எதை நினைத்தாலும் சுற்றிக்கொண்டு அந்தக் கட்டிலடிக்கே வந்து சேர்கிறது.

கண்டக்டர் டிக்கெட் கேட்டார். "பாப்பாநாடு, ஒண்ணு" என்றேன். திரும்பி வரும்போது ஒன்றரை. முன்சீட்டில் ஒரு பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள், அது என்னையே பார்த்தது. குழந்தைகள் இப்படிப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது, ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது மாதிரி. என்ன சொல்வது? சாவுக்கு என்ன வார்த்தை என்பது என் பிழைப்பு. பாப்பாநாட்டுக் கடைத்தெருவில் ஃபிளெக்ஸ் பேனர் அடித்துக் கொடுக்கிறேன், பாதி கோயில் திருவிழா, மீதி கண்ணீர் அஞ்சலி. சைவக்காரர் வீடென்றால் சிவலோகப் பதவி அடைந்தார், நாமக்காரர் வீடென்றால் வைகுண்டம், வேதக்கோயில்காரர்களுக்கு கர்த்தருக்குள் நித்திரை, எங்கள் அப்பாவின் ஆட்களுக்கு இயற்கை எய்தினார். ஓரத்தில் ஒரு குத்துவிளக்கு, மேலே இரண்டு புறா. போட்டோ கேட்டால் கல்யாண ஆல்பத்தை எடுத்து வருவார்கள், பக்கத்தில் நிற்பவரை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் எடுப்பேன், தோளில் மற்றவர் கை மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை அழிக்கத்தான் நேரம் பிடிக்கும். தையலின் போட்டோ எது நன்றாக இருக்கும்? மலர் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் எடுத்தது, அதில் வெளிச்சம் சரியாக விழுந்திருக்கும். சீ, நாயே. இன்னும் மூச்சு இருக்கிறது அவளுக்கு. மனசு என்பது எஜமானன் செத்துக்கொண்டிருக்கும்போதும் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மலரிடம் எந்த வார்த்தையைச் சொல்ல? அம்மா சாமிகிட்ட போறா என்றால் எந்த பஸ் என்று கேட்பாள், நாமளும் போவோம் என்பாள். அம்மா தூங்கப் போறா என்றால் அன்றோடு அவள் தூக்கம் போயிற்று. நட்சத்திரம் என்றால் மேகம் மூடுகிற நாளில் யார் பதில் சொல்வது?

தையல் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் கதை நிற்கவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டே பகலில் யோசிப்பாள், சாயங்காலம் நான் ஊருக்குக் கிளம்பும்போது சொல்லி அனுப்புவாள், இன்னைக்கு இந்தக் கதை, இந்த இடத்துல குரல உசத்துங்க, இந்த இடத்துல அவ கேள்வி கேப்பா, அவசரப்படாதீங்க. நான் இட்லி வாங்கிக்கொண்டு போவது போல அதையும் வாங்கிக்கொண்டு போய் மலரிடம் ஒப்பிப்பேன். நம்பாதவன் சொல்கிற சாமிக் கதை எப்படி இருக்கும்? பாங்கில் டோக்கன் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். "அப்பா, சாமி அப்படிப் பேசாது" என்பாள் மலர். ஒரு நாள் தையலால் பேச முடியவில்லை. காய்ச்சல் தூக்கிவிட்டது, உதடு வெடித்திருந்தது, கண்ணை மட்டும் அசைத்து வழியனுப்பினாள். அன்றைக்கு என் கையில் கதை இல்லை. மலர் காத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அதுவும் படமாகத் தெரிந்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் படத்தைப் போட்டுத்தான் பேனர் அடிப்பேன். சிவலிங்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் பையன், எருமை மேல் எமன், வீசின கயிறு லிங்கத்தின் மேலும் விழுகிறது, கல்லைப் பிளந்துகொண்டு சாமி வந்து எமனை எட்டி உதைக்கிறார். எத்தனையோ தடவை அந்தக் கயிற்றின் நிறத்தை மாற்றியிருக்கிறேன், கதையாக ஒருநாளும் நினைத்ததில்லை. அன்றைக்குச் சொன்னேன். என் வாயிலிருந்தா வருகிறது என்று எனக்கே ஆச்சரியம். எமன் உதை வாங்கிய இடத்தில் எழுந்து நின்று காலை வீசிக் காட்டினேன். நம்பினேன், ஆமாம், அந்த அரை மணி நேரம் நான் அதை முழுசாக நம்பினேன், எனக்கு அது வேண்டியிருந்தது. மலர் கேட்டாள், "கெட்டியா கட்டிப் புடிச்சிக்கிட்டா விட்டுருவாங்களாப்பா?" நான் சொன்னேன், "கெட்டியாப் புடிச்சிக்கணும். விடவே கூடாது."

மறுநாள் அக்கா போன் பண்ணினாள். "ஏன்டா தம்பி, இந்தப் புள்ள அம்மிக் குழவியத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு எறக்க மாட்டேங்குது?" எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடந்த குழவி. மலரைத் தொட்டிலில் போடுவதற்கு முன்னால் அந்தக் குழவியைத்தான் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துத் தொட்டிலில் போட்டார்கள், பிள்ளை கல்லு மாதிரி இருக்க வேண்டும் என்று. கல்லுக்கும் பால் கொடுப்பியா என்று அன்றைக்கு நான் தையலைக் கிண்டல் செய்தேன். அதைத் துணிப்பையில் போட்டு அக்கா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள் மலர். பார்க்க லிங்கம் மாதிரிதான் இருக்கும். சோறு ஒரு கையால், மறு கை கல்லின் மேல். ராத்திரி அதைக் கட்டிக்கொண்டு படுக்கை. பிடுங்கப் போனால் வீடு அதிரக் கத்தல். தையலிடம் மறைக்கத் தெரியாமல் சொல்லித் தொலைத்தேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன், சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இமை ஓரத்தில் ஈரம் வந்தது. "அந்தக் கதைய ஏங்க சொன்னீங்க?" என்றாள். கண்ணைத் திறந்து, "பரவால்ல, வேற ஒண்ணு சொல்லி மாத்திரலாம். நான் யோசிக்கிறேன்" என்றாள். யோசித்திருப்பாள். அதற்கப்புறம் வந்த நாட்களில் அவள் பேச்சு முழு வாக்கியமாக வரவில்லை, தண்ணி என்பாள், கால் என்பாள், ஒருநாள் என் கையைத் தட்டி "ஆத்துல" என்று மட்டும் சொன்னாள். ஆத்துல என்ன? ஆற்றில் எதையாவது விடுகிற கதையா? விளக்கு விடுவதா? ஓடம் விடுவதா? கேட்டேன், அதற்குள் தூங்கிவிட்டாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன கதை கட்ட? எனக்குக் கதையின் ஒரு முனை மட்டும் கிடைத்திருக்கிறது, இழுத்தால் கையோடு வருகிறது, பின்னால் ஒன்றுமே இல்லை.

ஒரத்தநாடு வந்துவிட்டது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், முன்சீட்டுக் குழந்தை தூங்கிவிட்டிருந்தது. எனக்கு இன்னும் கதை இல்லை. யோசித்துப் பார்த்தால் நம் கதைகளில் செத்தவர்கள் யாரும் செத்தபடியே கிடப்பதில்லை. பாம்பு கடித்த பையன் எழுந்து உட்காருகிறான், சாம்பலாய்ப் போன பெண் குடத்திலிருந்து எழுந்து வருகிறாள், எமன் பின்னாலேயே நடந்து போய் புருஷனை வாங்கி வருகிறாள் ஒருத்தி, முதலை விழுங்கிய பிள்ளையைக்கூட வருஷம் கழித்து வளர்ந்த பிள்ளையாகத் துப்ப வைத்துவிடுகிறார்கள். பக்தி போதுமான அளவு இருந்தால் எமன் தோற்றே ஆக வேண்டும். அப்படியானால் தோற்காத இடத்தில் எல்லாம் என்ன அர்த்தம்? இதைத்தானே அவள் பலன் சொல்லும் கதை வேண்டாம் என்றாள். எங்கள் அப்பா மேடையில் இதே கேள்வியைக் கேட்டுக் கைதட்டல் வாங்குவார். ஆனால் அப்பா, உங்களிடமும் ஒரு கதை இல்லையே. மூடநம்பிக்கை என்று பிடுங்கிப் போட்டீர்களே, ஆறு வயதுப் பெண்ணுக்கு அந்த இடத்தில் வைக்க என்ன தருவீர்கள்? எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோயிற்று என்றா? இயற்கை என்றா? உங்கள் பெண்டாட்டி செத்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள், எங்கள் இரண்டு பேரையும் கூடத்தில் உட்கார வைத்து, அழக்கூடாது, அழுதால் திரும்பி வரப்போவதில்லை என்றீர்கள். அக்கா அழாமல் இருந்தாள், நானும் அழாமல் இருந்தேன், அந்த அழுகை இப்போதுவரை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கதையும் வேண்டாம். அதைத்தான் முதலில் ஒதுக்க வேண்டும். பழுத்த வெள்ளரி காம்பை விட்டுத் தானாகக் கழன்றுகொள்ளும் என்று தையல் எப்போதோ ஏதோ சொன்னாள், அது கதையா, மந்திரமா, நினைவில்லை. தையல் பழுக்கவில்லையே, அவளுக்கு முப்பத்திரண்டு வயதுதானே ஆகிறது.

போன் அடித்தது. குருமூர்த்தி. எடுக்காமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் அவள் இருப்பாள் என்று தோன்றியது. அறிவுகெட்டவனே, அறிவழகா, இதைத்தானே உன் மகளும் செய்துகொண்டிருக்கிறாள். எடுத்தேன். "மாப்ள" என்றான். பின்னால் யாரோ ட்ராலியைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. "எப்ப?" என்றேன். "நீ கெளம்பிப் போயி கொஞ்ச நேரத்துலயே மூச்சு ஒரு மாதிரி ஆயிருச்சு மாப்ள. ஓடியாந்து பாத்தாங்க. இப்பத்தான் முடிஞ்சுதுன்னு சொன்னாங்க." "ஏதாவது சொன்னாளா?" "இல்ல. கையத் துழாவுனா. நான் புடிச்சேன். என் கையின்னு தெரிஞ்சதும் விட்டுட்டா." நான் சரி என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று தெரியவில்லை, வண்டி பிடி, மலரை அழைத்து வரவில்லை, ஊருக்கே கொண்டு வந்துவிடு என்றெல்லாம் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்றுகொண்டு முழு சீட்டையும் எனக்கு விட்டிருந்தார். வெளியே வயலில் யாரோ மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் அப்படியே இருந்தது. பஸ்ஸும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை, அதற்குப் பதில் கதைதான் வந்தது, பைத்தியக்காரன் மாதிரி கதை கதையாக வந்தது, அம்மா வானத்தில் ஏறிப் போனாள், அம்மா பூவாய்ப் போனாள், அம்மா ஆத்துல, ஆத்துல, ஆத்துல. எல்லாவற்றுக்கும் கடைசியில் மலர் அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் இன்னும் பிடியை விடவில்லை, அம்மா போய்விட்டாள். இனி நான் அவளிடம் எப்படிச் சொல்வேன், விட்டுவிடும்மா என்றா?

அக்கா வீட்டு வாசலில் நிறைய செருப்புகள் கிடந்தன. செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்ததும் "தம்பீ" என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், அழக்கூடாது என்று யாரோ இன்னும் அவளிடம் சொல்லிக்கொண்டிருப்பது போல. மலர் உள்ளே பீரோவை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. இரண்டு கையும் காலியாக இருந்தன. நான் போய் அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவள் பேசினாள், யாருக்கும் கேட்கக்கூடாது என்பது போல மெதுவாக.

"அப்பா, நான் வேணும்னு விடலப்பா. ராத்திரி தூங்கிட்டேன். எந்திரிச்சுப் பாத்தா கல்லு உருண்டு கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு."

அவ்வளவுதான். விடிந்ததிலிருந்து இந்தச் சின்ன உடம்பு இதைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. அது வெறும் கல்லும்மா என்று சொல்லலாம், அப்பா சொன்னது பொய்க் கதை என்று சொல்லலாம். அவள் நம்ப மாட்டாள். உண்மையைச் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் எழுந்து நின்று எமனை உதைத்துக் காட்டியவன். அந்தக் கதைக்குள்ளிருந்து அவளை வெளியே தூக்க எனக்கு வழி தெரியவில்லை. நானே அதற்குள் இறங்கினேன்.

"நீ விடலடா. நீ இங்க கல்லத்தான புடிச்சிருந்த? அங்க அம்மாவ யாரு புடிச்சிருந்தா? அப்பாதான புடிச்சிருந்தேன். அப்பாதான் விட்டுட்டேன்."

வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன், அவளுக்காகப் புனைந்துதான் சொன்னேன். பாதியில்தான் அது எனக்குப் புரிந்தது. காலையில் தையல் என் இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத்தான் நான் எழுந்து வந்தேன்.

மலர் என்னையே பார்த்தாள். "ஏம்ப்பா விட்ட?"

உன்னைக் கூட்டிப் போகத்தான். அதுதான் உண்மை, நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் எல்லாம் மறுபடியும் அவள் தலையிலேயே போய் விழும். தையலாக இருந்தால் இந்த இடத்தில் அந்த உண்மையை ஒதுக்கியிருப்பாள்.

"கை வலிச்சுதும்மா" என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு என்னைத் தொடாமல் சுற்றிக்கொண்டு அக்காவிடம் போனாள். "அத்த, அப்பாதான் விட்டுட்டாராம்" என்றாள், சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள்.